வெள்ளித் திரையில் மாணவர் உலகம்

திரைப்படத்தில் கல்லூரி மாணவனாக வருபவரின் வயதைக் கேட்பது நம் மரபன்று. நரையை மை பூசி மறைத்துக்கொண்டு, ஒற்றை நோட்டுப் புத்தகத்தை விரல்நுனியில் சுழற்றியவாறு நாயகர் கல்லூரி வாயிலில் நுழைவார். அந்த நோட்டில் என்ன பாடம் எழுதப்பட்டிருக்கிறதென்று அவரும் அறியார், நாமும் அறியோம். கல்லூரி முதல்வர் ஒரு கோமாளியாக இருப்பார். தமிழாசிரியர் அவரினும் பெரிய கோமாளியாக இருப்பார். தேர்வு என்பது, நாயகர் முதல் வகுப்பில் தேறிவிட்டதைத் தாயிடம் ஓடிவந்து சொல்வதற்காக ஏற்பட்ட ஒரு நிகழ்ச்சி. விடுதி என்று ஒன்று இருந்தால் அது தலையணைப் பஞ்சு பறப்பதற்காக. நூலகம் என்று ஒன்று இருந்தால் அது நாயகியின் மேல் மோதுவதற்காக. இவற்றையெல்லாம் பார்த்துச் சிரித்துக் கைதட்டி வளர்ந்த தலைமுறையினர் நாங்கள்.

நாங்கள் என்று இங்கே குறிப்பது மூவரை. 1974 ஜூலையில் தமிழ்நாட்டின் மூன்று ஊர்களிலிருந்து தலைநகருக்கு வந்து, ஒரே பல்கலைக்கழகத்தில் முதுகலை வகுப்பில் சேர்ந்து, ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் தங்கிப் படித்தோம். பின்னர் இந்நகரிலேயே வேலை பார்த்து, இந்நகரிலேயே குடும்பம் நடத்தி, இன்று எழுபதைக் கடந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கக் கட்டடத்தில் சந்தித்துக் காப்பி அருந்துகிறோம். மூவருக்கும் பொதுவான பைத்தியம் ஒன்று உண்டு. அது சினிமாப் பைத்தியம். மலர்க் குழுவினர் எங்களை இப்பொருள் பற்றி எழுதுமாறு பணித்ததற்கு அதுவே காரணம். மறுக்க முயன்றோம். எதற்காக மறுத்தோம் என்பது இக்கட்டுரையை முழுவதும் படிப்பவர்களுக்கு விளங்கும்.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. 2006 ஜனவரியில் 'ரங் தே பசந்தி' என்னும் இந்திப் படம் வெளிவந்தது. தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சிலர் ஆட்டமும் பாட்டமுமாகத் திரிகின்றனர். பகத்சிங், ஆசாத் ஆகியோரைப் பற்றிப் படமெடுக்க வரும் ஆங்கிலப் பெண்ணொருத்தி அவர்களை நடிக்க வைக்கிறாள். விமானப் படையில் பணியாற்றும் நண்பன் மிக் விமானம் விழுந்து இறக்கிறான். இந்தியா கேட்டில் மெழுகுவர்த்தி ஏந்தி அமைதியாக நின்றவர்கள்மீது தடியடி விழுகிறது. பிறகு மாணவர்கள் பாதுகாப்பு அமைச்சரைக் கொன்று, வானொலி நிலையத்தில் புகுந்து நாட்டுக்கு உண்மையைச் சொல்லி, அங்கேயே மடிகின்றனர். ஏ.ஆர். ரகுமானின் இசையில் நாடே அதிர்ந்தது. அடுத்த மாதம், தலைநகரில் நிகழ்ந்த ஒரு கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானபோது, மக்கள் உண்மையாகவே இந்தியா கேட்டில் மெழுகுவர்த்தியுடன் கூடினார்கள். திரை தெருவுக்கு வந்தது எனலாம்.

அக்கூட்டத்தில் எங்களுள் ஒருவருடைய மகளும் நின்றாள். அப்போது அவள் கல்லூரி மாணவி. இரவு வீடு திரும்பியவள், கையில் சொட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டே, "அப்பா, நீங்கள் படிக்கும்போதுதானே நெருக்கடி நிலை வந்தது? நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள். மற்ற இருவரும் அன்று அவ்வீட்டில் விருந்தினராக இருந்தோம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "பேரணிக்குப் போனோம் அம்மா" என்றோம். அவள் முகம் மலர்ந்தது. அம்மலர்ச்சியைக் கெடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்கள் சொன்னது பொய்யன்று. ஆயினும் உண்மையில் அது மிகச் சிறிய பகுதி.

இனிப் பொருளுக்கு வருவோம்.

தமிழ்ப் படங்களில் கல்லூரி என்பது பெரும்பாலும் காதலுக்குக் கட்டப்பட்ட கட்டடமே. இதைக் குறையாக மட்டும் சொல்வதற்கில்லை. 1980இல் வந்த 'ஒருதலை ராகம்', சொல்ல மாட்டாத காதலையும், ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரு சொல் பேசிக்கொள்ள அஞ்சிய காலத்தையும் மறைக்காமல் காட்டியது. அதைப் பார்த்துக் கண்ணீர் விட்ட மாணவர் பலரை நாங்கள் அறிவோம். அதே ஆண்டில் பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' வந்தது. பட்டம் பெற்ற தமிழ் இளைஞர்கள் தில்லியில் ஓர் அறையில் வேலையின்றிப் பட்டினி கிடக்கின்றனர். வந்தவர் முன் பசியை மறைக்க உண்பதுபோல் நடிக்கின்றனர். தில்லித் தமிழர்களாகிய நாங்கள் அப்படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நெடுநேரம் பேசவில்லை. பாரதியின் பாட்டை வாயிலும் பசியை வயிற்றிலும் வைத்திருந்த அத்தகைய இளைஞரை நாங்கள் கரோல்பாகின் மாடியறைகளில் நேரில் கண்டிருந்தோம். ஆயினும் அவ்விளைஞனின் கோபம் தனிமனிதனின் கோபம். அவனுக்கு அமைப்பு ஒன்றில்லை, கூட்டம் ஒன்றில்லை, துண்டறிக்கை ஒன்றில்லை.

இத்தனைக்கும் தமிழ்நாட்டு மாணவர் இயக்கம் சிறியதன்று. 1965 ஜனவரியில் மொழிக்காக மாணவர் தெருவிலிறங்கியது மாநிலத்தின் அரசியலையே மாற்றியது. 1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீசார் சுட்டதில் உயிர் நீத்தார். அவருக்குச் சிலை இருக்கிறது. இரண்டே ஆண்டில், 1967 தேர்தலில், ஆட்சி மாறியது. நாங்கள் அப்போது பள்ளிச் சிறுவர்கள். கால்சட்டை அணிந்து, பெரிய அண்ணன்மார் கத்திக்கொண்டு போவதைத் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்த்தோம். இத்துணைப் பெரிய நிகழ்ச்சியைத் தமிழ்த் திரை நெடுங்காலம் நேருக்கு நேர் பார்க்கத் தயங்கியது. அதே திரையில் ஆண்டுதோறும் புதிய கல்லூரிகள் எழுந்தன. புதிய கல்லூரி விழாக்கள் நடந்தன. அங்கெல்லாம் மாணவர் தலைவர் தேர்தல் என்பது நாயகருக்கும் வில்லன் மகனுக்கும் இடையே நடைபெறும் கைகலப்பாகவே இருந்தது.

மணிரத்னம் 2004இல் இக்குறையைப் போக்க முயன்றார். 'ஆய்த எழுத்து' சென்னையில் நடக்கும் கதை. அதே கதை 'யுவா' என்ற பெயரில் கல்கத்தாவில் நடந்தது. இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. அங்கே நேப்பியர் பாலம், இங்கே ஹூக்ளி ஆற்றின் இரண்டாம் பாலம். மாணவர் தலைவன் மைக்கேல், அரசியல்வாதிகளை எதிர்த்துக் கிராமங்களில் வேலை செய்து, தேர்தலில் நின்று, தோழர்களுடன் சட்டமன்றத்துக்குள் நுழைகிறான். அப்பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் ஐதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் மாணவர் ஜார்ஜ் ரெட்டி என்பர். படத்தின் மைக்கேல் வெற்றி பெறுகிறான். ஜார்ஜ் ரெட்டியோ 1972 ஏப்ரல் 14 அன்று பல்கலைக்கழக வளாகத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். திரைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொலைவை அளக்க வேறு கோல் வேண்டுவதில்லை.

வங்காளத்தார் இவ்வகையில் நம்மினும் துணிந்தவர்கள். சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி' 1970இல் வந்தது. தந்தை இறந்ததால் மருத்துவப் படிப்பைக் கைவிட்ட சித்தார்த்தன் வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறான். கடந்த பத்தாண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சி எது என்று கேட்கிறார்கள். வியட்நாம் போர் என்கிறான். மனிதன் நிலவில் இறங்கியது பெரிதில்லையா என்கிறார்கள். அது எதிர்பார்க்கக்கூடியதுதான், எளிய மக்களின் அத்துணைத் துணிவை எவரும் எதிர்பார்க்கவில்லை என்பது அவன் விளக்கம். உடனே, நீ கம்யூனிஸ்டா என்ற கேள்வி வருகிறது. வேலை கிடைக்கவில்லை. அவன் தம்பியோ தீவிரவாத அரசியலில் இறங்கிவிட்டவன். தம்பியைப் போல் குதிக்கவும் முடியாமல், மற்றவரைப் போல் பணியவும் முடியாமல் நடுவில் தவிப்பவனே படத்தின் நாயகன். அதே நடிகர் திருதிமான் சாட்டர்ஜியை வைத்து மிருணாள் சென் 1973இல் 'பதாதிக்' எடுத்தார். அதில் அவர் போலீஸ் வண்டியிலிருந்து தப்பி, ஒரு பெண்ணின் குடியிருப்பில் ஒளிந்திருக்கும் புரட்சிக்காரன். படத்தின் பெரும்பகுதி அவன் நான்கு சுவர்களுக்குள் காத்திருப்பதும், தன் தலைமை செய்தது சரிதானா என்று ஐயுறுவதும்தான். கொடி பிடிப்பவனுக்கும் ஐயம் வரும் என்று சொல்லத் துணிந்த படம் அது. இயக்கங்களை நேரில் அறிந்தவர்கள் அதன் அருமையை உணர்வர். காத்திருத்தலும் ஐயமுமே இயக்க வாழ்க்கையின் முக்கால் பங்கு.

எங்கள் காலத்தை, எங்கள் நகரத்தை, எங்களைப் போன்ற மாணவர்களைக் கதையாக்கியது சுதீர் மிஸ்ராவின் 'ஹசாரோன் க்வாஹிஷேன் ஐசி'. 2005இல் திரையரங்குகளுக்கு வந்தது. எழுபதுகளின் தில்லிக் கல்லூரித் தோழர் மூவர்: செல்வந்தர் வீட்டுப் பிள்ளை சித்தார்த் பீகார்க் கிராமத்துக்குப் புரட்சி செய்யப் போகிறான், கீதா அவனைக் காதலிக்கிறாள், விக்ரம் அவளைக் காதலிக்கிறான். விக்ரமுக்கு அரசியலில் நாட்டமில்லை. ஆட்களைப் பிடித்துக் காரியம் முடித்துக் கொடுத்துப் பணம் சேர்ப்பவன். நெருக்கடி நிலையின்போது போலீசாரின் அடியில் மூளை சிதைந்துபோகிறவன் அந்த விக்ரம்தான். புரட்சிக்காரன் சித்தார்த் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போய்விடுகிறான். அப்படத்தைப் பார்த்த இரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. போனவன் யார், நின்றவன் யார், அடிபட்டவன் யார் என்ற கணக்கை அது வேறுவிதமாகப் போட்டுக் காட்டியது.

எங்கள் கணக்கைச் சொல்ல வேண்டிய இடம் இதுவே.

நாங்கள் மூவரென்று சொன்னோம். விடுதியில் நாங்கள் நால்வராக இருந்தோம். நான்காமவன் கும்பகோணத்துப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவன், பொருளியல் மாணவன். அவனைக் கும்பகோணத்தான் என்றே அழைப்போம். அவன் தலைவனல்லன். மேடையில் ஏறிப் பேசியவனல்லன். அவனுக்கு இந்தி சரியாக வராது. அவன் செய்ததெல்லாம் ஸ்டென்சில் வெட்டுவதும், சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவதும், இரவில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் போவதும்தான். விரல் நகங்களில் எப்போதும் கறுப்பு மை படிந்திருக்கும். மெஸ்ஸில் அவன் சோறு பிசைவதைப் பார்த்து நாங்கள் கேலி செய்வோம்.

அது நாடெங்கும் மாணவர் கொந்தளித்த காலம். 1973 டிசம்பரில் அகமதாபாத்தின் பொறியியல் கல்லூரி ஒன்றில் விடுதி உணவுக் கட்டணத்தை 20 விழுக்காடு உயர்த்தியதில் தொடங்கிய கிளர்ச்சி, 1974 பிப்ரவரியில் குஜராத் முதலமைச்சரைப் பதவி விலகச் செய்தது. மார்ச்சில் பீகார் மாணவர் எழுந்தனர். ஜெயப்பிரகாஷ் நாராயண் அவர்களுக்குத் தலைமை ஏற்றார். ஒரு வேளைச் சோற்றின் விலையிலிருந்து ஓர் அரசு கவிழும் என்பதை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதத் துணிந்திருக்க மாட்டார். 1975 மார்ச் 6 அன்று தில்லியில் நாடாளுமன்றத்தை நோக்கி ஜெயப்பிரகாஷ் நடத்திய பெரும் பேரணிக்குக் கும்பகோணத்தான் எங்களை இழுத்துக்கொண்டு போனான். இரண்டு கல் தொலைவு நடந்தோம். வெயில் ஏறியது. நாங்கள் ஒரு மரத்தடியில் ஒதுங்கி வேர்க்கடலை வாங்கிக் கொறித்தோம். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கூட்டத்தோடு போனான். எங்களுள் ஒருவருடைய மகளிடம் நாங்கள் சொன்ன பேரணி இதுதான்.

ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடி நிலை வந்தது. பல்கலைக்கழகம் மீண்டும் திறந்தபோது சுவர்களில் சுவரொட்டி இல்லை. தேநீர்க் கடையில் பேச்சில்லை. நவம்பர் மாதத்து இரவொன்றில் கும்பகோணத்தான் அறைக்குத் திரும்பவில்லை. மிசாவில் பிடித்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் கழித்துக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. விடுதிப் பொறுப்பாளர் எங்களைத் தனித்தனியே அழைத்து, அவனோடு பழக்கமுண்டா என்று கேட்டார். முகம் பார்த்த பழக்கந்தான் என்றோம். தனித்தனியே கேட்டும் மூவரும் ஒரே விடையைச் சொல்லியிருந்தோம். அன்றிரவு அவன் எங்களிடம் கொடுத்து வைத்திருந்த புத்தகங்களை மெஸ் அடுப்பில் போட்டோம்.

டிசம்பரில் அவன் தந்தை வந்தார்.

ஜி.டி. எக்ஸ்பிரசில் இரண்டு இரவுகள் பயணம் செய்து, குளிருக்கு ஒரு பருத்தித் துண்டை மட்டும் தலையில் சுற்றிக்கொண்டு, விடுதி வாயிலில் வந்து நின்றார். மகனிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. அப்போது தமிழ்நாட்டில் கெடுபிடி இவ்வளவு இறங்கவில்லை; அங்கே தி.மு.க. அரசு நீக்கப்பட்டது 1976 ஜனவரி 31 அன்றுதான். ஆகவே தலைநகரின் நிலைமை அவருக்கு விளங்கவில்லை. காவலாளி அவரை எங்கள் அறைக்கு அழைத்து வந்தான். தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள்தானே.

உட்காரச் சொன்னோம். காப்பி போட்டுக் கொடுத்தோம். ரஜாய் ஒன்றைப் போர்த்திவிட்டோம். அவர் மகனைப் பற்றிக் கேட்டார். "எங்களுக்கு அவ்வளவா பழக்கம் இல்லீங்க ஐயா. வேற பக்கத்து அறை. எங்க போனார்னு தெரியலை" என்றோம். கதவு திறந்திருந்தது, தாழ்வாரத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை, அதனால் அப்படிச் சொன்னோம் என்று பின்னர் எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். கதவைச் சாத்தியிருக்கலாம்.

அவர் சிறிது நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே செய்தித்தாளில் மடித்த நான்கு பொட்டலங்கள். முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருந்தது. ஒன்று அவன் பெயர். மற்ற மூன்றும் எங்கள் பெயர்கள். வாரந்தோறும் அவன் எழுதிய கடிதங்களில் நாங்கள் இருந்திருக்கிறோம்.

"சாப்பிடுங்க தம்பி. அவங்க அம்மா செஞ்சது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே புறப்பட்டுவிட்டார். நிலையத்துக்கு நாங்கள் போகவில்லை.

பின்னர் 1989க்குப் பிறகான ஒரு குளிர்காலத்தில் இந்நகரின் திரைப்படக் கழகமொன்றில் 'பிறவி' என்னும் மலையாளப் படத்தைப் பார்த்தோம். ஷாஜி என். கருண் இயக்கிய முதல் படம். கான் விழாவில் 1989இல் சிறப்புக் குறிப்புப் பெற்றது. 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோட்டின் வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். கக்கயம் முகாமில் அவர் சித்திரவதையில் இறந்தார். உடல் கிடைக்கவே இல்லை. அவருடைய தந்தை ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர், மகனைத் தேடி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். நெருக்கடி நிலை நீங்கியபின் உயர்நீதிமன்றம் சென்றார். அவ்வழக்கினால் 1977 ஏப்ரலில் கேரள முதலமைச்சர் கருணாகரன் பதவி துறக்க நேர்ந்தது. அத்தந்தையின் துயரத்தின் நிழல் படிந்த படம் 'பிறவி'.

அதில் மாணவன் வருவதேயில்லை. பேரணி இல்லை, முழக்கம் இல்லை, தடியடி இல்லை. சகோதரியின் நிச்சயதார்த்தத்துக்கு வரவேண்டிய மகன் ரகு வரவில்லை. முதிய தந்தை நாள்தோறும் மழையில் குடையுடன் போய்க் கடைசி வண்டி வரும்வரை காத்திருந்து திரும்புகிறார். எண்பது வயதை எட்டிய பிரேம்ஜி அத்தந்தையாக நடித்துத் தேசிய விருது பெற்றார். நம் 'வீடு' படத்தின் அர்ச்சனாதான் மகள். அவள் நகரத்துக்குப் போய், ரகுவின் தோழர்களிடமிருந்து உண்மையை அறிகிறாள். அறிந்தும் தந்தையிடம் சொல்லாமல் சுமக்கிறாள்.

அத்தோழர்கள் திரையில் வந்தபோது எங்களால் தலைநிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர்களாவது தெரிந்ததைச் சொன்னார்கள்.

மாணவர் இயக்கம் பற்றிய படங்களைப் பற்றி நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். திரைக்கு ஒரு முகம் வேண்டும். ஆகவே அது கூட்டத்திலிருந்து ஒருவனைப் பொறுக்கி எடுத்து, அவனை முன்னே நிறுத்தி, அவன் துணிவைப் பாடுகிறது. பார்க்கும் நாம் ஒவ்வொருவரும் அம்முகத்தில் நம்மை ஏற்றிக்கொண்டு, கொட்டகையைவிட்டு வெளியே வரும்போது சிறிது வீரராக வருகிறோம். இது ஒரு நல்ல உணர்ச்சி. அதனால் இந்தியா கேட்டில் சில ஆயிரம் மெழுகுவர்த்திகள் எரிந்தன. அதை நாங்கள் பழிக்க மாட்டோம். ஆனால் ஒரு விடுதியில் இருநூறு அறைகள் இருந்தால் அவற்றுள் ஓர் அறையிலிருந்துதான் ஒருவன் பசை வாளியுடன் வெளியே போகிறான். மற்ற அறைகளின் கதவுகளைத் திரை காட்டுவதில்லை. அரசின் கை நீண்டதற்குக் காரணம் அக்கையின் வலிமை மட்டுமன்று. அந்தக் கதவுகள் உள்ளிருந்து தாழிடப்பட்டதும் காரணம். அங்கே நின்றவர்களைக் கோழைகள் என்று ஒரு சொல்லில் முடிப்பதும் எளிது. அவர்களுக்கும் ஊரில் மணியார்டரை எதிர்பார்த்த பெற்றோர் இருந்தனர். மணமாகாத தங்கையர் இருந்தனர். அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஒரு நல்ல படம் அக்காரணத்தையும் காட்டும், அக்கதவையும் காட்டும். மன்னிக்கவும் செய்யாது, தூற்றவும் செய்யாது.

ஆவணப் படங்கள் சில இவ்வகையில் நாயகனின்றியே நடந்து காட்டியிருக்கின்றன. ஆனந்த் பட்வர்தன் பீகார் கிளர்ச்சியைப் படம் பிடித்து உருவாக்கிய 'கிராந்தி கீ தரங்கேன்' நெருக்கடி நிலையில் தலைமறைவாகி, துண்டு துண்டாக வெளிநாட்டுக்குப் போயிற்று. அதில் பெயர் தெரியாத மாணவர்களின் முகங்கள் வரிசையாக வருகின்றன. அண்மையில் 2021இல் பாயல் கபாடியா எடுத்த 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்', புனே திரைப்படக் கல்லூரியில் 2015இல் 139 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தின் காலத்தை ஒரு மாணவியின் கடிதங்கள் வழியே சொல்கிறது. காதலனுக்கு எழுதிய கடிதங்கள். அவற்றினூடே இருட்டில் ஆடும், கூடும், பயப்படும் இளைஞர்கள். மாணவர் இயக்கம் என்பது மாணவர் வாழ்க்கைக்கு வெளியே தனியாக நிற்கும் ஒன்றன்று, மெஸ்ஸும் காதலும் தேர்வும் கடிதமும் கலந்தது என்பதை அப்படம் உணர்த்துகிறது. கும்பகோணத்தான் வாரந்தோறும் எழுதிய கடிதங்களை நினைத்துக்கொண்டோம்.

அவனுடைய கதையின் எஞ்சிய பகுதியையும் சொல்லிவிட வேண்டும். 1977 ஜனவரியில் தேர்தல் அறிவிப்பு வந்ததும் சிறையிலிருந்தவர்கள் விடுதலையாகத் தொடங்கினர். பிப்ரவரியில் ஒரு பிற்பகல் அவன் விடுதிக்கு வந்தான். நாங்கள் ஆராய்ச்சி மாணவர்களாக அங்கேயே இருந்தோம். இளைத்திருந்தான். நகங்களில் மை இல்லை. தன் டிரங்குப் பெட்டியை வாங்கிப் போகவே வந்தான். பெட்டியில் வேட்டி சட்டைகள் இருந்தன, புத்தகங்கள் இல்லை. அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நாங்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றோம்.

அவனே பேசினான். "அப்பா எழுதியிருந்தார். அந்தக் குளிர்ல நீங்க மூணு பேரும் காப்பி போட்டுக் கொடுத்து, ரஜாய் போர்த்தி, ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்கன்னு எழுதியிருந்தார். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்" என்றான்.

'பிறவி'யில் மகள் தந்தையிடம் உண்மையை மறைத்தாள். இங்கே தந்தை மகனிடம் மறைத்திருந்தார். சிறையிலிருக்கும் மகனுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாரோ, எங்களைக் காப்பாற்ற நினைத்தாரோ, அறியோம். அப்போதும் நாங்கள் அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவன் கைகுலுக்கிவிட்டுப் போனான். படிப்பை முடிக்கவில்லை. ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தான் என்று கேள்வி. புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை வரும், அனுப்புவோம், ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அவன் காலமான செய்தி ஒரு பொது நண்பர் வழியே வந்தது.

இக்கட்டுரை முழுவதும் நாங்கள், நாங்கள் என்றே எழுதியிருக்கிறோம். மலரில் அது அடக்கத்தின் மொழியாகத் தோன்றலாம். மூவரும் சேர்ந்து நின்றுகொண்டால் ஒருவன் முகம் தனியே தெரியாது என்பதும் அதில் இருக்கிறது. விடுதிப் பொறுப்பாளர் தனித்தனியே கேட்டபோதும் நாங்கள் அப்படித்தான் நின்றோம்.

மகளிடம் சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று இப்போது முடிவு செய்திருக்கிறோம். அவளுக்கு இன்று கல்லூரிக்குப் போகும் வயதை நெருங்கும் பிள்ளை இருக்கிறான். மலர் அச்சாகி வந்ததும் முதல் படியை அவளிடம் கொடுப்போம். தமிழ் எழுத்தைத் தட்டுத் தடுமாறித்தான் படிப்பாள். ஆகவே பக்கத்தில் அமர்ந்து நாங்களே படித்துக் காட்டுவோம்.